மலிவு ஓபிடி அடாப்டருக்குள் இருக்கும் பெயரில்லாச் சிப்பைக் கண்டறிவது எப்படி?

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, ஓபிடி எனப்படும் பழுதறியும் சாக்கெட்டில் செருகி, என்ஜினின் பிழைக் குறியீடுகளைக் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ படிக்க உதவும் சிறிய அடாப்டர்கள் இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றின் மேல் ஈஎல்எம்327 என்று அச்சிடப்பட்டிருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால், முக்கியச் சிப்பின் மேற்பரப்பு தேய்க்கப்பட்டு வெறுமையாக இருப்பதையோ, பொருந்தாத வேறொரு பெயர் அச்சிடப்பட்டிருப்பதையோ அடிக்கடி காணலாம். பழுது பார்ப்பவர்களுக்கும், எந்தெந்தக் கார்களில் இது வேலை செய்யும் என்று முன்கூட்டியே அறிய விரும்புபவர்களுக்கும், அந்தச் சிப் உண்மையில் எது என்பது தெரிந்தாக வேண்டும். ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால், மின்னணுவியலில் புதிதாகக் கால் வைத்தவரும் இதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

வேலையைத் தொடங்கும் முன் பின்னணியைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட சிப். மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் வகை மைக்ரோகன்ட்ரோலர் (நிரலை ஏற்றி இயக்கும் ஒற்றைச் சிப் கணினி) ஒன்றில் தங்கள் நிரலை ஏற்றி, அதையே தனிப் பெயரில் விற்றார்கள். முதல் பதிப்பான 1.0இல் நிரலை யாரும் படித்து எடுக்க முடியாதபடி பூட்டும் வசதியை அவர்கள் இயக்கவில்லை. அதனால் அந்த நிரல் அப்படியே நகலெடுக்கப்பட்டு, உலகமெங்கும் மலிவு அடாப்டர்களாகப் பெருகியது. எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022இல் தன் தொழிலை நிறுத்திக்கொண்டது; நகல்களோ இன்றும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. தொடக்கத்தில் பிக் சிப்பில் இருந்த நகல், பிறகு விலை குறைந்த வேறு சிப்களுக்கும் மாற்றி எழுதப்பட்டது. ஆகவே அட்டையில் உள்ள பெயரையும், மென்பொருளில் அந்தச் சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயரையும் சான்றாகக் கொள்ள முடியாது. பலகையில் ஓடும் செப்புத் தடங்கள்தான் நம்பத்தக்க சான்று. ஏனெனில் ஒரு சிப்பின் எந்தக் காலுக்கு மின்சாரம் தர வேண்டும், எந்தக் காலில் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டலை இணைக்க வேண்டும் என்பதெல்லாம் சிப்புக்குள்ளேயே தீர்மானிக்கப்பட்டவை. மேற்பரப்பைத் தேய்ப்பவர்களால் அவற்றை மாற்ற முடியாது.

திறப்பதற்கு முன்

மூடியைக் கழற்றும் முன்பே சாதனத்திடம் சில கேள்விகள் கேட்கலாம். காரில் செருகி, சீரியல் டெர்மினல் செயலி ஒன்றின் வழியாக இணைத்து, கட்டளைகளைத் தட்ட வேண்டும். அவற்றை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள். ‘ஏடி இசட்’ என்று தட்டினால் சாதனம் மறுதொடக்கமாகித் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் சொல்லும். அங்கே 1.5 என்று வந்தால் அது நகல் என்பது உறுதி. எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 1.4 வரிசைக்குப் பிறகு நேராக 2.0ஐ வெளியிட்டதே தவிர, 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. 2.1 என்று வந்தாலும் மகிழ வேண்டாம், அந்த எண்ணையும் நகல்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்கின்றன.

எண்ணைவிட, கட்டளைகளுக்குக் கிடைக்கும் பதில்களே பயனுள்ளவை. ‘ஏடி பிபிஎஸ்’ கட்டளை 1.1 பதிப்பிலும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ‘ஏடி எல்பி’ கட்டளை 1.4 பதிப்பிலும் சேர்க்கப்பட்டவை. 2.1 என்று சொல்லிக்கொள்ளும் சாதனம் இவற்றுக்குக் கேள்விக்குறியை மட்டும் திருப்பி அனுப்பினால், உள்ளே இருப்பது பழைய நிரலின் நகலோ குறைக்கப்பட்ட வடிவமோ ஆகும். ‘எஸ்டி ஐ’ என்ற கட்டளையையும் கொடுத்துப் பாருங்கள். ஈஎல்எம்327இன் கட்டளைகளையும் புரிந்துகொள்ளும் வேறொரு தயாரிப்பான, எஸ்டிஎன்1110 போன்ற எஸ்டிஎன் குடும்பச் சிப்கள் மட்டுமே இதற்குத் தங்கள் பெயரைச் சொல்லிப் பதிலளிக்கும். ஈஎல்எம் வகைகளுக்கு இந்தக் கட்டளை தெரியாது.

யூஎஸ்பி கம்பி உள்ள அடாப்டரானால் இன்னொரு தகவலும் இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காணப்படும் அடையாள எண்களில் 1ஏ86, 7523 என்ற இணை இருந்தால் யூஎஸ்பி பாலமாக இருப்பது சிஎச்340 வகை. 0403, 6001 என்றால் எஃப்டி232 வகை. 10சி4, ஈஏ60 என்றால் சிபி2102. 067பி, 2303 என்றால் பிஎல்2303. இவை யூஎஸ்பிக்கும் முக்கியச் சிப்புக்கும் இடையில் நிற்கும் பாலத்தின் அடையாளங்கள் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள்.

திறந்து, மேசையில் மின்சாரம் கொடுப்பது

பெரும்பாலான சிறிய அடாப்டர்களின் மூடி கொக்கிகளால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கும். பழைய கிரெடிட் கார்டின் விளிம்பை இடுக்கில் செலுத்தி மெதுவாகத் திறக்கலாம். சிலவற்றில் ஸ்டிக்கருக்குக் கீழே திருகாணிகள் மறைந்திருக்கும். திறந்தவுடன் பலகையின் இரு பக்கங்களையும், நல்ல வெளிச்சத்தில், கைப்பேசியால் நேர்மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களின் மேல் குறிப்பு எழுதிக்கொண்டே போனால் வேலை பாதியாகக் குறையும்.

சோதனைகளைக் காரில் செருகிய நிலையில் செய்யவே கூடாது. திறந்த பலகையில் மல்டிமீட்டரின் முனை ஒரு முறை வழுக்கினால் கார் ஃபியூஸ் போகலாம். அதைவிட விலையுயர்ந்த பாகமும் போகலாம். மேசையில் 12 வோல்ட் மின்வழங்கி ஒன்றால் இயக்குங்கள். மின்னோட்ட வரம்பு வைக்கும் வசதி இருந்தால் 150 மில்லி ஆம்பியரில் நிறுத்துங்கள். சாதாரண 12 வோல்ட் அடாப்டர்தான் உள்ளது என்றால், காரின் 5 வாட் பல்பு ஒன்றைத் தொடர்வரிசையில் இணைத்துக்கொள்ளுங்கள்; எங்காவது குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழுதாக எரிந்து அறிவித்துவிடும், பலகைக்குச் சேதமும் வராது.

ஓபிடி முனையில் 16 ஊசிகள் உண்டு. அவற்றில் 16ஆம் ஊசி பேட்டரியின் நேர்மின், 4ஆம் 5ஆம் ஊசிகள் நிலம் எனப்படும் எதிர்முனை. 6ஆம் ஊசி கேன்-ஹை, 14ஆம் ஊசி கேன்-லோ; கேன் என்பது இன்றைய கார்களின் கணினிகள் பேசிக்கொள்ளும் இரு கம்பித் தகவல் தடம். 7ஆம் ஊசி கே-லைன், 15ஆம் ஊசி எல்-லைன்; இவை அதற்கு முந்தைய தகவல் தொடர்பு முறையின் தடங்கள். 2ஆம் 10ஆம் ஊசிகள் வட அமெரிக்காவின் பழைய ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கான ஜே1850 தடங்கள். இந்த ஒழுங்கு உலகம் முழுதும் ஒன்றே என்பதால், நம் தேடலின் உறுதியான தொடக்கப்புள்ளி இந்த ஊசிகள்தான்.

16ஆம் ஊசியிலிருந்து தடத்தைப் பின்தொடர்ந்தால் ஒரு டையோடைக் கடந்து, மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் ரெகுலேட்டரை அடைவீர்கள். 78எம்05 போன்றதாக இருந்தால் 5 வோல்ட்டும், ஏஎம்எஸ்1117 இன் 3.3 வகையாக இருந்தால் 3.3 வோல்ட்டும் வெளியே வரும். இரண்டும் இருக்கும் பலகைகளும் உண்டு. அப்போது 5 வோல்ட் முக்கியச் சிப்புக்கும் 3.3 வோல்ட் புளூடூத் பகுதிக்கும் போவதே வழக்கம். ரெகுலேட்டர் தரும் அளவை அளந்து படத்தில் குறித்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். இனித் தொடர்ச்சிச் சோதனைகள் அனைத்தும், அதாவது மல்டிமீட்டர் பீப் ஒலி தரும் சோதனைகள், மின்சாரம் இல்லாத நிலையிலேயே நடக்க வேண்டும்.

எட்டுக் கால் சிப்பிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் பெரிய சிப்பைத்தான் முதலில் ஆராய்கிறார்கள். கேன் தடத்துக்கும் முக்கியச் சிப்புக்கும் இடையில் தகவலை மாற்றித் தரும், எட்டுக் கால்கள் கொண்ட கேன் டிரான்ஸீவரில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. எம்சிபி2551, டிஜேஏ1050, எஸ்என்65எச்விடி230 என்று தயாரிப்பாளர்கள் வேறுபட்டாலும் அவற்றின் முக்கியக் கால்களின் வரிசை ஒன்றுதான். 1ஆம் கால் மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து வரும் தகவல், 2ஆம் கால் நிலம், 3ஆம் கால் மின்சாரம், 4ஆம் கால் மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும் தகவல், 6ஆம் கால் கேன்-லோ, 7ஆம் கால் கேன்-ஹை. இந்தச் சிப்பின் பெயர் தேய்க்கப்பட்டிருந்தாலும், ஓபிடி முனையின் 6ஆம் ஊசி இதன் 7ஆம் காலிலும், 14ஆம் ஊசி இதன் 6ஆம் காலிலும் பீப் ஒலி தந்தால் அது கேன் டிரான்ஸீவரே. இடையில் சிறிய ரெசிஸ்டர் இருந்தால் ஒலி வராமல் சில ஓம் மட்டும் காட்டலாம். 3ஆம் காலில் 3.3 வோல்ட் கிடைக்கிறது என்றால் எஸ்என்65எச்விடி230 போன்ற குறைமின்னழுத்த வகை. 5 வோல்ட் என்றால் மற்ற இரண்டைப் போன்றது.

கால்களை எண்ணும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிப்பை மேலிருந்து பார்க்கும்போது, ஒரு மூலையில் சிறிய குழியோ புள்ளியோ இருக்கும். அதை ஒட்டிய கால் 1. அங்கிருந்து கடிகாரம் சுழலும் திசைக்கு எதிராக எண்ணிக்கொண்டே போக வேண்டும். எனவே 28 கால் சிப்பில் 1ஆம் காலுக்கு நேரெதிரே 28ஆம் கால் இருக்கும். எந்தக் காலும் அதற்கு நேரெதிரே உள்ள காலும் சேர்ந்தால் கூட்டுத்தொகை 29.

இப்போது டிரான்ஸீவரின் 1ஆம், 4ஆம் கால்களிலிருந்து புறப்படும் தடங்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பாருங்கள். அவை சேரும் இடம்தான் நீங்கள் தேடும் முக்கியச் சிப்.

28 கால் சிப்பை அடையாளம் காண்பது

முக்கியச் சிப்புக்கு 28 கால்கள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தரமான நகல்கள் பலவும் இந்த அமைப்பில்தான் வருகின்றன. டிரான்ஸீவரின் 1ஆம் காலிலிருந்து வரும் தடம் 23ஆம் காலிலும், 4ஆம் காலின் தடம் 24ஆம் காலிலும் முடிந்தால், மைக்ரோசிப் நிறுவனத்தின் கேன் வசதி கொண்ட பிக் 18எஃப் குடும்பம் என்ற ஐயம் வலுக்கிறது. அதை உறுதிசெய்ய 9ஆம், 10ஆம் கால்களைப் பாருங்கள். அங்கே ஒரு கிரிஸ்டல் இருக்க வேண்டும். அதன் உலோக உடலில் 4.000 என்று பொறித்திருந்தால் ஈஎல்எம்327 சுற்றின் அமைப்போடு அது அப்படியே பொருந்துகிறது. 8ஆம், 19ஆம் கால்கள் நிலத்தோடு இணைந்திருக்கும்.

அடுத்து 9ஆம் காலுக்கு நேரெதிரே உள்ள 20ஆம் காலைக் கவனியுங்கள். இது நேராக 5 வோல்ட் தடத்தில் இருந்தால் பிக் 18எஃப் குடும்பம். மின்சாரத் தடத்தோடு சேராமல், ஒரு கெப்பாசிட்டர் வழியாக மட்டும் நிலத்துக்குப் போய், மின்சாரம் 13ஆம், 28ஆம் கால்களில் கிடைத்தால் அது பிக் 24எச்ஜே குடும்பம். எஸ்டிஎன்1110 இந்த இரண்டாவது குடும்பத்தின் சிப்பில்தான் செய்யப்பட்டது. கிரிஸ்டலும் நிலமும் இரு குடும்பங்களுக்கும் ஒரே இடத்தில் இருப்பதால், 20ஆம் கால்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

பிக் 18எஃப் என்று தெரிந்த பிறகு 6ஆம் கால் இன்னும் நுணுக்கமான பதிலைத் தரும். பழைய 18எஃப்2480, 18எஃப்2580 சிப்களில் அது சாதாரண உள்ளீட்டுக் கால், ஈஎல்எம்327இன் 1.x பதிப்புகளில் தகவல் வேகத்தைத் தேர்வதற்காக அதை 5 வோல்ட்டிலோ நிலத்திலோ கட்டியிருப்பார்கள். பிற்கால நகல்களில் பெரும்பாலும் காணப்படும் 18எஃப்25கே80 சிப்பில் அதே 6ஆம் கால், சிப்பின் உள் ரெகுலேட்டருக்கான கெப்பாசிட்டரை இணைக்கும் இடம். ஆகவே 6ஆம் காலிலிருந்து ஒரு கெப்பாசிட்டர் மட்டும் நிலத்துக்குப் போகிறது, மின்சாரம் கொடுத்து அளந்தால் அங்கே 5 வோல்ட்டுக்குப் பதிலாக 3.3 வோல்ட்டை ஒட்டிய அளவு நிற்கிறது என்றால், அது கே80 வரிசை. எழுத்து எதுவும் இல்லாத ஒரு கறுப்புத் துண்டின் பரம்பரையை ஒரே ஒரு காலின் மின்னழுத்தம் சொல்லிவிடுகிறது என்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சி தருவது.

2ஆம் காலையும் விட்டுவிடாதீர்கள். பேட்டரி மின்னழுத்தத்தை அளப்பதற்காக 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டைப் பங்கிட்டு இங்கே தருகின்றன. ரெசிஸ்டர்களின் மேல் 473, 103 என்ற எண்கள் இருக்கும். சரியாக 12 வோல்ட் கொடுத்தால் 2ஆம் காலில் ஏறத்தாழ 2.1 வோல்ட் வர வேண்டும். வந்தால் பலகையின் சுற்று ஈஎல்எம்327இன் வரைபடத்தைப் பின்பற்றியதே என்பதற்கு அது நல்ல சாட்சி. 17ஆம், 18ஆம் கால்கள் புளூடூத் பகுதிக்கோ யூஎஸ்பி பாலத்துக்கோ போகும் தகவல் தடங்கள். 17 அனுப்புவது, 18 பெறுவது.

சுற்றியிருக்கும் மற்ற பாகங்கள்

14 கால்களுடன் இருக்கும் சிப் பெரும்பாலும் எல்எம்339 எனப்படும் ஒப்பீட்டுச் சிப். அதன் மின்சாரம் 3ஆம் காலிலும் நிலம் 12ஆம் காலிலும் இருக்கும். மின்சாரம் 4லும் நிலம் 11லும் இருந்தால் அது எல்எம்324 வகை. கே-லைனையும் ஜே1850 தடங்களையும் படிக்க இந்த 14 கால் சிப் உதவுகிறது. 7ஆம் ஊசியிலிருந்து பின்தொடர்ந்தால் 511 என்று எழுதிய ரெசிஸ்டரும், மூன்று கால் டிரான்சிஸ்டர் ஒன்றும் தெரிய வேண்டும். 511 என்பது 510 ஓம். டிரான்சிஸ்டரின் மேல் ஜே3ஒய் என்று இருந்தால் எஸ்8050, 1ஏஎம் என்று இருந்தால் எம்எம்பிடி3904.

7ஆம் ஊசி எங்கும் போகாமல் நின்றுவிடுகிறது என்றால், முக்கியச் சிப் எதுவாக இருந்தாலும் அந்த அடாப்டரால் கே-லைன் கார்களோடு பேச முடியாது. இந்தியாவில் ஓபிடி-2 நடைமுறைக்கு வந்த காலத்துக் கார்களில் கே-லைனில் பேசுபவை இன்னும் ஓடுகின்றன. அவற்றின் உரிமையாளர்களுக்குச் சிப்பின் பெயரைவிட முக்கியமான தகவல் இது.

மேற்பரப்பைப் படிப்பது

இவ்வளவுக்கும் பிறகே எழுத்துகளைத் தேட வேண்டும் என்பேன். முதலிலேயே தேடினால், போலி எழுத்து மனத்தில் பதிந்து தவறான திசையில் இழுத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சிப்பைத் துடைத்து, அது உலரும் நேரத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். லேசரால் பொறித்த எழுத்து மேலோட்டமாகத் தேய்க்கப்பட்டிருந்தால் ஒரு கோணத்தில் மங்கலாகத் தெரியும். சாக்பீஸ் பொடியைத் தடவி விரலால் மெதுவாகத் துடைப்பதும் உதவும். ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கீறல்கள், 1ஆம் காலைக் காட்டும் குழி ஆழம் குறைந்திருப்பது, சிப்பின் மேற்புறமும் பக்கவாட்டும் வெவ்வேறு மினுமினுப்பில் இருப்பது ஆகியவை தேய்த்ததன் அறிகுறிகள். தேய்த்த பின் கறுப்பு வண்ணம் பூசி வேறு பெயர் அச்சிட்டிருந்தால், பஞ்சில் நனைத்த அசிட்டோன் அதைக் கரைத்துவிடக்கூடும். பிளாஸ்டிக் மூடியின் மேல் மட்டும் அசிட்டோன் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசிப் நிறுவனத்தின் சிப்பில் பெயருக்குப் பின் வரும் ஐ என்ற எழுத்து வெப்பத் தாங்குதிறனையும், எஸ்ஓ அல்லது எஸ்எஸ் என்பது உடலின் வகையையும் குறிக்கும். கீழ்வரியில் உள்ள எண்வரிசையின் முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டும் வாரமும். 1432 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆம் வாரம்.

சிப்பிடமே கேட்பது

தடங்கள் குடும்பத்தைச் சொல்லும். 18எஃப்2480க்கும் 18எஃப்2580க்கும் கால்கள் ஒன்றே, நினைவகத்தின் அளவு மட்டுமே வேறு என்பதால், அந்தக் கடைசி வேறுபாட்டைச் சொல்லாது. அதற்குப் பிக்கிட் போன்ற, சிப்பில் நிரலை ஏற்றவும் படிக்கவும் உதவும் புரோகிராமர் கருவி வேண்டும். பிக் சிப்கள் ஒவ்வொன்றிலும் அழியாத அடையாள எண் ஒன்று தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். நிரல் பூட்டப்பட்டிருந்தாலும் இந்த எண்ணைப் படிக்க முடியும். இணைப்புகள்: 1ஆம் கால் ரீசெட், 20 மின்சாரம், 19 நிலம், 27 கடிகாரத் துடிப்பு, 28 தகவல்.

இரண்டு எச்சரிக்கைகள். பல பலகைகளில் 1ஆம் கால் நேரடியாக 5 வோல்ட் தடத்தோடு ஒட்டியிருக்கும். அப்படியே புரோகிராமரை இணைத்தால் அது 1ஆம் காலுக்குத் தரும் உயர் மின்னழுத்தம் பலகை முழுவதற்கும் பாயும். ஆகவே அந்தக் காலைச் சால்டரிங் அயனால் சூடாக்கி, மெல்லிய ஊசியால் பலகையிலிருந்து தூக்கிவிட்ட பிறகே கம்பியை இணைக்க வேண்டும். இரண்டாவது, மென்பொருளில் முதலில் 18எஃப்25கே80ஐத் தேர்ந்து முயலுங்கள். பழைய 2480 வகைக்கு 1ஆம் காலில் ஏறத்தாழ 12 வோல்ட் கொடுக்கப்படும். கே80 வரிசையோ 9 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. படிக்கும் பொத்தானைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால் உள்ளே இருந்த நிரலைத் திரும்பப் பெற வழியில்லை.

28 கால்கள் இல்லாத பலகைகள்

மிக மலிவான, கட்டைவிரல் அளவு அடாப்டர்களில் 16 கால் கொண்ட பெயரில்லாச் சிப் ஒன்றோ, பலகையிலேயே கறுப்பு எபாக்சி பசை ஊற்றி மூடிய சிப் ஒன்றோ மட்டுமே இருக்கும். எபாக்சியைச் சுரண்டாதீர்கள், அதற்குக் கீழே உள்ள மெல்லிய கம்பிகள் அறுந்து, சாதனம் போய்விடும். 16 கால் சிப்பைப் பார்த்தவுடன் அதுவே மூளை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 5ஆம், 6ஆம் கால்கள் யூஎஸ்பியின் தகவல் கம்பிகளுக்கும், 7ஆம், 8ஆம் கால்கள் 12.000 என்று பொறித்த கிரிஸ்டலுக்கும் போனால் அது சிஎச்340ஜி என்ற யூஎஸ்பி பாலம்தான். வளைந்து நெளிந்து ஓடும் செப்புத் தடம் ஒன்று அந்தப் பெயரில்லாச் சிப்பின் காலில் முடிந்தால், அந்தத் தடம் புளூடூத் ஆன்டெனா. சிப் புளூடூத்தையும் ஓபிடி வேலையையும் ஒருசேரச் செய்கிறது என்று பொருள். இத்தகைய சிப்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பதில் நேரம் செலவிடுவதைவிட, கேன் தடங்களும் கே-லைன் தடமும் அதனிடம் வந்து சேர்கின்றனவா என்று பார்த்து, திறப்பதற்கு முன் செய்த கட்டளைச் சோதனையின் முடிவுகளோடு சேர்த்து எழுதி வைப்பதே பயன் தரும்.

மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

மூடியைப் பொருத்துவதற்கு முன் ஓபிடி முனையில் மூன்று அளவுகளை எடுங்கள். 16ஆம் ஊசிக்கும் 4ஆம் ஊசிக்கும் இடையில் பீப் ஒலி வரக் கூடாது. 6ஆம், 14ஆம் ஊசிகள் நிலத்தோடோ 16ஆம் ஊசியோடோ ஒட்டியிருக்கக் கூடாது. 6க்கும் 14க்கும் இடையில் 120 ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டக் கூடாது. காரின் கேன் தடத்தில் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் ஏற்கெனவே உள்ளன, அடாப்டரும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் 60 ஓமாக இருக்க வேண்டிய மொத்த அளவு 40 ஆகக் குறைந்து தகவல் தொடர்பு தடுமாறும். 1ஆம் காலைத் தூக்கியிருந்தால் அதை மீண்டும் பற்றவைத்துவிட்டு, மேசையில் 12 வோல்ட் கொடுத்து ‘ஏடி ஆர்வி’ கட்டளையால் மின்னழுத்தத்தைக் கேளுங்கள். மல்டிமீட்டர் காட்டும் அளவுக்கு நெருக்கமாகப் பதில் வந்தால் காரில் செருகலாம்.